புத்தகத்தில இருக்கிறவ நானில்லை

பிள்ளை, குறை நினைக்காதையும். உந்தப் புத்தகத்தை ஒருக்கா மூடி வைக்கிறீரோ? பைக்குள்ள வைக்க வேண்டாம், மடியிலயே கவிட்டு வையும். அட்டை தெரியாமல் இருந்தால் காணும். வவுனியாவில ஏறினதில இருந்து பாக்கிறன், நீர் ஒவ்வொரு பக்கமாத் தட்டத் தட்ட எனக்கு நெஞ்சு இடிக்குது. பிறஷர் குளிசை போட்டுக்கொண்டுதான் ஏறினனான். அதுக்கும் கேக்குதில்லை.

இல்லை, இல்லை, தலைச்சுத்து இல்லை. யன்னலைத் திறக்க வேண்டாம். உந்தப் புத்தகம்தான்.

கம்பஸ் பிள்ளையோ? அப்பிடித்தான் நினைச்சன். பாடத்துக்கு வைச்சிருக்கினமோ! கடவுளே, அப்ப ஊரில உள்ள குமர்ப்பிள்ளையள் எல்லாம் உதை வாசிக்கப்போகுதுகள். எத்தினையாம் பக்கத்தில நிக்கிறீர்? ஓ, ரெண்டாந்தரமோ. அப்ப அதில வாற பாலத்தடி உமக்குத் தெரியும்.

நானும் வாசிச்சனான். என்ன அப்பிடிப் பாக்கிறீர்? அறுபத்தெட்டு வயசு மனுசி நாவல் வாசிக்கக் கூடாதோ? உண்மையைச் சொன்னால், என்ர சீவியத்தில நான் வாசிச்ச முதல் கதைப்புத்தகம் உதுதான். முந்தியெல்லாம் பேப்பர் மட்டும்தான். அதிலயும் மரண அறிவித்தல் பக்கம் மட்டும்தான். அதை ஒருநாளும் விடமாட்டன். காலமை தேத்தண்ணி ஆறினாலும் பறவாயில்லை, முதல்ல அந்தப் பக்கம். என்ர மகள் பகிடி பண்ணுவாள், அம்மா செத்தாக்களை மட்டும்தான் வாசிப்பா எண்டு.

அவள்தான் எனக்கு உதை அனுப்பினவள். சாருமதி. யாழ்ப்பாணத்தில படிப்பிக்கிறாள், தமிழ் ரீச்சர். அங்க வாசகர் வட்டமெண்டு ஒண்டு வைச்சிருக்கினம். மாதத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைஞ்சு பேர் கூடியிருந்து ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறதும் வடை தின்னுறதும். இந்த மாதம் உந்தப் புத்தகம். பார்சல் கட்டி பஸ்ஸில போட்டு விட்டிட்டு, போனில சொல்லுறாள்: "அம்மா, வாசிச்சிட்டு வாங்கோ. இந்தமுறை நீங்கள்தான் முதல்ல கதைக்கவேணும்."

நான் என்னத்தைக் கதைக்க எண்டு கேட்டன். "நீங்கள் நாலுதரம் இடம்பெயர்ந்தனீங்கள் தானே. ஒவ்வொருதரமும் ஏன் வெளிக்கிட்டனீங்கள், எங்க போனனீங்கள், அதைச் சொல்லுங்கோ" எண்டாள். ஏன் எண்டு கேக்கிறாள்! சண்டை எண்டால் ஏன் எண்டும் ஒரு கேள்வியோ?

நாளைக்குத்தான் கூட்டம். அதுக்குத்தான் போறன். உம்மட கை சூடா இருக்குது, கொஞ்சம் இப்பிடி வையும். என்ரயைப் பாரும், ஐஸ்.

சரி, புத்தகத்துக்கு வாறன். ஒரு ரெண்டு கிழமை எடுத்தது எனக்கு. கண்ணாடி போட்டு, எழுத்தெழுத்தா. முதல்ல சிரிப்பாத்தான் இருந்தது. அம்பத்தெட்டில அந்தக் கிழவி கொழும்பில இருந்து கப்பலில வாறா. எண்பத்திமூண்டில மகளும் கப்பலில வாறா. தொண்ணூற்றைஞ்சில பேத்தி நடந்து போறா. பேத்தியின்ர பிள்ளை பிளேனில போகுது. ஒரு பக்கத்திலயாவது உதுகள் ஆறுதலா இருந்து சோறு தின்னுதுகளோ எண்டு பாத்தன், இல்லை. அடுப்பில உலை வைச்சால் அடுத்த பக்கத்தில செல் குண்டு விழுகுது. எழுதினவ பிரான்சில இருக்கிறாவாம். அங்க நல்ல சாப்பாடு இருக்கும், இருந்து எழுதலாம்.

பேந்து அந்தப் பாலத்தடி வந்தது. நூற்றி எழுபத்தினாலாம் பக்கம். வாசிச்சுக்கொண்டு போறன், போறன். புத்தகம் நிலத்தில விழுந்திட்டுது. எழும்பிப் போய் வாசல் கதவைப் பூட்டினன். பட்டப்பகல், பதினொரு மணி. பூட்டிப்போட்டு அறைக்குள்ள இருந்து வேர்த்துக்கொண்டு யோசிக்கிறன், ஆர் சொன்னது? ஆர் இவவுக்குச் சொன்னது?

ஏனெண்டால் பிள்ளை, அது எனக்கு நடந்தது.

குரலைத் தணிச்சுச் சொல்லுறன், கிட்ட வாரும். பஸ்காரன் பாட்டைக் குறைக்கமாட்டான். நல்லது, ஒருத்தருக்கும் கேளாது. நீர் என்னோட மாம்பழச் சந்தியில இறங்கிற ஆளில்லைத்தானே? யாழ்ப்பாண ரவுணுக்கோ? சரி. இண்டைக்குப் பிறகு உம்மை நான் காணப்போறதுமில்லை. என்ர மனுசன் போன வருசம் செத்ததுக்குப் பிறகு இதைச் சொல்ல எனக்கு ஆருமில்லை.

புத்தகத்தில என்ன இருக்கு? சனம் பாலத்தடியில நெரிபடுது. ஒரு பெட்டை கைக்குழந்தையைக் கொண்டுவந்து முன்பின் தெரியாத மனுசியிட்டக் குடுத்து, ஒருக்கா வைச்சிருங்கோ எண்டிட்டுத் திரும்பி ஓடுறாள். பேந்து வரேல்லை. அவ்வளவுதானே? அதுதான். ஆனால் வித்தியாசம் இருக்கு. நான் வடிவாப் பாத்தனான். ஒரு கடதாசியில எழுதிக்கூடப் பாத்தனான். அதில பிள்ளைக்கு மஞ்சள் சட்டை. எங்கட பிள்ளைக்குச் சட்டையே இல்லை, சீலைத்துண்டால சுத்தியிருந்தது. அதில அந்த மனுசி விதவை. என்ர மனுசன் எனக்குப் பக்கத்தில நிண்டவர். அதில பிள்ளை ஆறு மாதம். இது நாலு மாதம் வரும், தலை நிண்டது, இருக்கத் தெரியாது. அதில வெய்யில். மழை பிள்ளை அண்டைக்கு! பேய் மழை! அந்த மழையை விட்டிட்டு எழுதினவ எப்பிடி அங்க நிண்டிருக்க முடியும்? அப்ப அது நானில்லை. வேற ஆரோ. அப்பிடித்தான் என்னைத் தேற்றிக்கொண்டனான். ஒரு அரை மணித்தியாலம் நிம்மதி இருந்தது. பேந்து திரும்பவும் நெஞ்சிடி.

ஆனையிறவு வந்திட்டுதோ? உப்பு மணக்குது. கெதியாத்தான் போறான் உவன்.

தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி. எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு அறிவிச்சினம். கோண்டாவிலில இருந்து நானும் இவரும் ஒரு சைக்கிளில ரெண்டு பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டம். எங்களுக்குப் பிள்ளையில்லை. கலியாணம் முடிச்சு ஒன்பது வருசம். நல்லூரான் வாசலில வைக்காத நேத்தியில்லை. பாலத்தடிக்கு வந்து சேரேக்க விடிஞ்சு நல்லாப் பலபலவெண்டு வந்திட்டுது. சனமெண்டால் சனம். கால் நிலத்தில படாமலே போகலாம், அவ்வளவு நெரிசல். ஆருக்கும் ஆரையும் தெரியேல்லை. குடைக்குக் கீழ மாடு நிக்குது, மாட்டுக்குக் கீழ சனம் நிக்குது.

அந்தப் பெட்டைக்கு இருபத்திரண்டு, இருபத்திமூண்டு வயசுதான் இருக்கும். என்ர தோளைத் தட்டி, "அக்கா, பிள்ளையை ஒருக்காப் பிடியுங்கோ. இவரைக் காணேல்லை, சைக்கிளோட பின்னுக்கு நிண்டவர். பாத்திட்டு ஓடி வாறன்" எண்டாள். நான் ஓமெண்டு சொல்ல முன்னமே பிள்ளை என்ர கையில. நனைஞ்சு ஈரமா, ஆனால் சூடா. அவள் சனத்துக்குள்ள பூந்து போட்டாள். அவளின்ர முதுகுதான் எனக்கு ஞாபகம். முகத்தைக் கேட்டால் சொல்லமாட்டன்.

நான் நிண்டனான் பிள்ளை. ஒரு மணித்தியாலம் நிண்டனான். புத்தகத்தில அந்த மனுசி பின்னேரம் வருமட்டும் நிண்டதா எழுதியிருக்கு. விசர்க்கதை! அந்தச் சனத்துக்குள்ள ஒரு மரம்கூட நிக்கேலாது. ஒரு மணித்தியாலம்... சரி, அரை மணித்தியாலம் இருக்கும். மணிக்கூடு ஆர் பாத்தது? பின்னால இருந்து தள்ளுறாங்கள். மேல ஹெலி சுத்துது. இவர் சொன்னார், "கொஞ்சம் ஓரமா நிப்பம், அந்தப் பிள்ளை வரட்டும்." அவர் அப்பிடித்தான், ஒரு பாவம் மனுசன். நான்தான் சொன்னனான், "நடவுங்கோ, அங்கால போய் நிண்டு பாப்பம்" எண்டு. அங்கால போய்ப் பாத்தால் அங்காலயும் சனம். பேந்து சாவகச்சேரி போய்ச் சேருமட்டும் நிக்கேல்லை. களவெடுக்கிற ஆளெண்டால் ஓடியிருப்பன். நான் ஓடேல்லை, நடந்தனான்.

அங்க ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தம். மூண்டாம் நாள் அந்த ஊர் விதானையார் சனத்தைப் பதிய வந்தார். நீர் சின்னப்பிள்ளை, உமக்கு அந்தப் பதிவு தெரியாது. போற போற இடமெல்லாம் முதல்ல பதியவேணும். பதிஞ்சால்தான் நிவாரண அட்டை, அட்டை இருந்தால்தான் அரிசி, மா, பருப்பு. கைக்குழந்தை எண்டால் பால்மா. பிள்ளை அழுது அழுது தொண்டை அடைச்சுப் போச்சு, மூண்டு நாளா வேற ஒருத்தி தன்ர பிள்ளைக்குக் குடுத்த மிச்சப் பாலைக் குடுத்தவள். விதானையார் கொப்பியை விரிச்சு, "குடும்பத்தில எத்தினை பேர்?" எண்டு கேட்டார். இவர் "ரெண்டு" எண்டார். நான் "மூண்டு" எண்டன். விதானையார் நிமிந்து பாத்தார். "பிள்ளையின்ர பேர்?" வாயில வந்ததைச் சொன்னன். சாருமதி. "உறவுமுறை?" மகள். எழுதிப்போட்டார். பால்மாவுக்காகத்தான் சொன்னனான். வேற ஒண்டுக்கும் இல்லை. ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், பிள்ளை பசியில கிடக்கேக்க நீர் என்ன சொல்லுவீர்?

ஆனால் ஒண்டு, ஒருக்கா எழுதினால் எழுதினதுதான். அடுத்த இடத்தில பழைய அட்டையைக் காட்டித்தானே புது அட்டை எடுக்கவேணும். கொடிகாமத்தில காட்டினன், மூண்டு பேர். கிளாலியால கடல் கடந்து போய் கந்தபுரத்தில காட்டினன், மூண்டு பேர். பேந்து வவுனியாவில அந்த அட்டையை வைச்சே பிறப்புச் சாட்சிப்பத்திரமும் எடுத்தனான். பழையதெல்லாம் சண்டையில துலைஞ்சு போச்சுதெண்டு சத்தியக்கடதாசி. பொய்யெண்டு சொல்லேலாது. துலைஞ்சதுதானே.

கோவமோ? பச்சைத்தண்ணி இருந்தால் ஒரு முடறு தாரும்.

என்னை ஒரு கெட்ட மனுசியெண்டு நினைக்காதையும். அவளை நான் வளத்த வளப்பை வந்து வவுனியாவில கேட்டுப் பாரும். ஒரு பங்கருக்குள்ள மூண்டு நாள் அவளை நெஞ்சில கிடத்தி வைச்சிருந்தனான். நிலத்தில ஒரு மண் அவளின்ர முதுகில படேல்லை. அவளுக்குச் சின்னமுத்து அம்மை வந்தபோது நான் பத்து நாள் உப்பில்லாமல் சாப்பிட்டனான். பெத்தவையள் செய்யிறதைவிட ஒரு துளி கூடத்தான் செய்திருக்கிறன், குறையேல்லை.

சரி. இப்ப கேளும், பயம் எங்க இருக்கெண்டு.

போன கிழமை அவள் போன் எடுத்தாள். "பாலத்தடி வாசிச்சிட்டியளோ அம்மா?" எண்டாள். ஓமெண்டன். அவள் சொல்லுறாள், "எனக்கு அந்த மனுசியில கோவமே வரேல்லை அம்மா. அவ களவெடுக்கேல்லை. சண்டைதான் களவெடுத்தது. மூண்டு வருசமா அவ அந்தத் தாயைத் தேடினவ. முகாம் முகாமாப் போய் விசாரிச்சவ. ஆரெண்டாலும் மன்னிப்பினம்."

நான் போனை வைச்சிட்டு இருந்து அழுதன். அவள் மன்னிச்சிட்டாள் எண்டு அழுதனெண்டு நினைக்கிறீரோ? இல்லை. அவள் புத்தகத்தில இருக்கிறவவைத்தான் மன்னிச்சவள். அவ தேடினவ. என்னை இல்லை.

நான் தேடேல்லை, பிள்ளை. தேடாமல் விட்டதோட நிண்டாலும் பறவாயில்லை.

எங்க நிக்கிறம்? கொடிகாமமோ? அப்ப இன்னும் பாலம் வர நேரமிருக்கு. சொல்லிப்போடுறன். வாயைத் திறந்திட்டன், இனி மூடேலாது.

கந்தபுரத்தில இருக்கேக்க, தொண்ணூற்றாறு வைகாசி. சங்கக்கடைக்கு நிவாரணப் பருப்பெடுக்கப் போனனான். பிள்ளை தோளில. வரிசையில நிக்கிறன், சுவரில ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கு. கொப்பித்தாள். பேனையால எழுதினது. "காணவில்லை" எண்டு மேல. வாசிக்கிறன். நாவற்குழிப் பாலத்தடியில, ஐப்பசி முப்பத்தோராம் திகதி காலமை, ஒரு அக்காவிடம் குடுத்த நாலு மாதப் பெண்குழந்தை. இடது காதுக்குப் பின்னால கருப்பு மச்சம். பெத்தவளின்ர பேர். தகப்பன் இல்லை, பாலத்தடியிலேயே தவறிட்டார் எண்டு. "வைத்திருக்கும் அக்கா பயப்பட வேண்டாம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அக்கராயன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்." அப்பிடி எழுதியிருந்தது. பயப்பட வேண்டாமாம்.

அக்கராயன் எவ்வளவு தூரம் தெரியுமோ? கந்தபுரத்தில இருந்து சைக்கிளில அரை மணித்தியாலம்.

பிள்ளை என்ர தோளில படுத்திருந்தது. நான் அவளின்ர காதைத் திருப்பிப் பாக்கேல்லை. பாக்கத் தேவையில்லை, குளிப்பாட்டிறது நான்தானே. சுத்திவரப் பாத்தன். எல்லாரும் தராசைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. கையை நீட்டினன், பசை காயேல்லை, ஒரு இழுவையில வந்திட்டுது. மடிச்சுச் சட்டைக்குள்ள வைச்சிட்டன். பருப்பை எடுத்துக்கொண்டு வீட்டை வந்து கடதாசியை அடுப்பில போட்டன். இவருக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அந்த மனுசன் அண்டைக்கே சைக்கிளை எடுத்திருப்பார். எனக்குத் தெரியும். அதுதான் சொல்லேல்லை.

அவளே வந்து ஒட்டினவளோ, ஆரிட்டயும் குடுத்து விட்டவளோ தெரியாது. அவளே வந்திருந்தால்? வரிசையில எனக்குப் பின்னால நிண்டிருந்தால்? அண்டைக்கு இருந்து நான் ஒரு பொம்பிளையின்ர முகத்தையும் நேர பாக்கேல்லை. கிணத்தடியில ஆரும் "வடிவான பிள்ளை" எண்டால் வாளியை விட்டிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவன். தொப்பி போட்டு, காதை மூடி, அந்த வெக்கையில! பிள்ளைக்குத் தலையெல்லாம் வேர்க்குரு. ஒரு மாதம் பொறுத்தன். பேந்து இவருக்கு வயித்துக்குத்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும் எண்டு கடிதம் எடுப்பிச்சு, வெளிய போக விடுற பாஸ் எடுத்து, வவுனியாவுக்கு வந்திட்டம்.

அதுதான் எங்கட நாலாவது இடப்பெயர்வு. சண்டைக்குப் பயந்து ஓடின கதையெண்டு முப்பது வருசமாச் சொல்லுறன். அப்ப அங்க சண்டை இல்லை, பிள்ளை. ஒரு செல் விழேல்லை. நான் அந்தப் பெட்டைக்குப் பயந்து ஓடினனான். ஆடியில சண்டை வந்தது, ஊரே எழும்பி ஓடினது, எனக்கு நல்லதாப் போச்சு. பேந்து ஒருத்தரும் மாதத்தைக் கேக்கேல்லை.

இப்ப கேக்கிறாள். முந்தநாள் போனில கேக்கிறாள், "அம்மா, கந்தபுரத்தில இருந்து நீங்கள் ஆனியிலயே வெளிக்கிட்டனீங்கள். சண்டை ஆடியிலதானே. ஏன் முன்னமே வெளிக்கிட்டனீங்கள்?" படிப்பிச்சு விட்டது பிழையாப் போச்சு, ஆனியையும் ஆடியையும் கணக்குப் பாக்கிறாள். நான் வயித்துக்குத்து எண்டன். "ஓ" எண்டாள். அந்த "ஓ"தான் ரெண்டு நாளா என்ர காதுக்குள்ள நிக்குது.

பேப்பரில நான் ஆரைத் தேடுறனான் எண்டு இப்ப விளங்குதோ? அந்தப் பேரைத்தான். அந்த அறிவித்தலில இருந்த பேர். வந்தால் நிம்மதியெண்டு நினைச்சனான். வாய் கூசுது, ஆனால் அதுதான் உண்மை. ஒரு மனுசி செத்திருக்கவேணுமெண்டு முப்பது வருசம் காலமை காலமை பேப்பர் விரிச்சிருக்கிறன். அவள் ஒருநாளும் வரேல்லை. அப்ப எங்கயோ இருக்கிறாள். அம்பத்திரண்டு, அம்பத்திமூண்டு வயசு. அவளும் உந்தப் புத்தகத்தை வாசிச்சிருப்பாளோ? வாசிச்சு, அந்த அக்கா தன்னைத் தேடினவ எண்டு நம்பியிருப்பாளோ? ஐயோ, அதை நினைச்சால் எனக்குப் பஸ்ஸில இருந்து குதிக்கவேணும் போல இருக்கு.

உவையள் ஏன் உப்பிடி எழுதுகினம்? சொல்லும், நீர் படிச்ச பிள்ளை. ஒண்டில் நடந்ததை நடந்தபடி எழுதவேணும். இல்லாட்டி எழுதாமல் விடவேணும். பாதியை எடுத்து, நல்லதா மாத்தி எழுதினால் மற்றப் பாதியோட இருக்கிறவள் என்ன செய்யிறது?

இரும். நிப்பாட்டும். கதைக்காதையும். பாலம் வருது.

என்ர கையை விட்டிடாதையும். நான் எப்பவும் இதில கண்ணை மூடிக்கொள்ளுறனான். முப்பது வருசத்தில எத்தினைதரம் வந்திட்டன், ஒருக்காவும் தண்ணியைப் பாக்கேல்லை. முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ பிள்ளை? சொல்லும் முடிஞ்சால். முருகா.

அப்பாடா. சரி. இனி அஞ்சு நிமிசத்தில மாம்பழச் சந்தி. கெதியா ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லவேணும். கடைசி அத்தியாயத்தை நான் வாசிக்கேல்லை. பயம். நாலுதரம் எடுத்துத் திறந்தன், முதல் வரியோட மூடிப்போட்டன். காலமை வெளிக்கிடேக்க சாரு போன் எடுத்தாள். "அம்மா, கடைசி அத்தியாயம் வாசிச்சிட்டியளோ?" எண்டாள். இல்லையெண்டன். "பஸ்ஸில வாசிச்சிட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்" எண்டாள். குரல் ஒருமாதிரி இருந்தது. நான் புத்தகத்தை வீட்டிலேயே விட்டிட்டு வந்திட்டன். நீர் ரெண்டுதரம் வாசிச்சனீர்தானே, சொல்லும். அந்தப் பிள்ளை கடைசியில என்ன செய்யுது? பெத்தவளிட்டப் போகுதோ? வளத்தவவைத் திட்டுதோ? எதெண்டாலும் சொல்லும்.

என்ன?

வளத்தவ செத்துப்போறாவோ? சொல்லாமலோ?

பிறகு? அவவின்ர பெட்டிக்குள்ள அந்த நிவாரண அட்டையைக் காணுறாளோ. கண்டு? ... கேக்க ஆளில்லை. அவ்வளவுதானோ? அதோட கதை முடியுதோ? அந்தப் பிள்ளை கட்டிலில அட்டையை வைச்சுக்கொண்டு இருக்கிறதோட...

இரும் பிள்ளை, இரும்.

உதையோ அவள் வாசிக்கச் சொன்னவள்? உதை வாசிச்சிட்டு வந்தால் கதைப்பம் எண்டு... அப்ப அவளுக்குத் தெரியும். எப்ப இருந்து? இவற்ற செத்தவீடு முடிஞ்ச கையோட என்ர ரத்தம் என்ன வகை, அப்பாவின்ர என்ன வகை எண்டு கேட்டவள். ரத்ததானம் குடுக்கிறவள், சும்மா கேக்கிறாள் எண்டு நினைச்சு நான் சொல்லிப்போட்டன். தன்ரயோட ஒத்துவராதெண்டு அப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் ஒரு வருசமா ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்தவள், அம்மா சாப்பிட்டீங்களோ, அம்மா குளிசை போட்டீங்களோ எண்டு. நானா வாய் திறந்து சொல்லுவன் எண்டு காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு வாய் வராது எண்டுதான் புத்தகத்தை அனுப்பினவள்.

நான் என்ன யோசிச்சுக்கொண்டு வந்தனான் தெரியுமோ? போனவுடன தலையிடி எண்டு படுக்கிறது. நாளைக்குக் கூட்டத்தில புத்தகத்தில இருக்கிறவவைப்போலச் சொல்லுறது. தேடினனான் எண்டு. முகாம் முகாமாப் போனனான் எண்டு. மூண்டு இடத்தின்ர பேரும் பாடமாக்கி வைச்சிருக்கிறன். அவள் நம்பியிருக்கவும் மாட்டாள், ஓமெண்டு தலையை ஆட்டியிருப்பாள். அவ்வளவு நல்ல பிள்ளை. அதோட நான் செத்தால், கேக்க ஆளில்லை.

அந்தா, நிக்கிறாள். நீலச் சுடிதார். மழையும் இல்லை, வெய்யிலும் இல்லை, குடையை விரிச்சுக்கொண்டு நிக்கிறாள் எனக்காக. என்ர பிள்ளை. பாரும், வடிவான பிள்ளைதானே?

தம்பி, இறக்கம் இருக்கு! நிப்பாட்டு, நிப்பாட்டு! இந்தப் பையை எடுத்துத் தாரும் பிள்ளை. ஒருக்கா எழும்பப் பிடியும்.

அந்தக் கடதாசியில பிள்ளையின்ர பேரும் எழுதியிருந்தது. பெத்தவள் வைச்ச பேர். வாசிச்ச அண்டைக்கே மறக்கவேணும் எண்டு நினைச்சன், ஒருநாளும் மறக்கேல்லை. நித்திரையில வாய் உளறிப்போடும் எண்டு பயந்து எத்தினையோ நாள் முழிச்சிருந்தனான். இப்ப இறங்கினவுடன, அவள் என்ர பையை வாங்க முன்னம், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடப்போறன். அவள் திரும்பிப் பாப்பாளோ, என்னை விட்டிட்டுப் போவாளோ தெரியாது. பயமாக் கிடக்கு பிள்ளை, சரியான பயமாக் கிடக்கு.

என்ன பேரெண்டு கேளாதையும். உமக்குச் சொல்லமாட்டன். முதல்ல அவள் கேக்கட்டும்.